ஏட்டுச் சுரைக்காயும் நாட்டுச் சுரைக்காயும்

உடல்நலப் பாடத்தைச் செய்து பார்த்துக் கற்றால் அது பிள்ளையோடு வீட்டுக்கும் வரும்!

திருத்தணி மலைக்கோவிலுக்கு 365 படிகள். வருடத்துக்கு 365 நாட்கள். நாளுக்கு ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள்.

டிசம்பர் 31-ந் தேதி அங்கே படித் திருவிழா. பக்தர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே படி படியாக ஏறுவார்கள். ஆடிக் கிருத்திகைக்கோ காவடிகள் சாரி சாரியாக வரும்.

படி ஏறுகிறவர்கள் பாதி வழியில் கொஞ்சம் நிற்கிறார்கள். மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபட என்று அடித்துக்கொள்கிறது.

ஏன் அப்படி அடிக்கிறது?

பெரியவர்களைக் கேட்டால், "மலை ஏறினால் அடிக்கத்தான் செய்யும்" என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால், "இதயம் நான்கு அறைகளைக் கொண்டது" என்று ஒப்பிக்கும்.

இரண்டும் பதில் அல்ல. பெரியவர்கள் சொன்னதில் காரணம் இல்லை. பிள்ளை சொன்னதில் அதன் சொந்த நெஞ்சு இல்லை!

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. மற்றப் பாடங்களை விட உடலைப் பற்றிய பாடத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். உயிரியலும் சுகாதாரமும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடும் பாடங்கள் அல்ல. வீட்டில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உதவ வேண்டிய பாடங்கள். தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிந்தால் நினைவுக்கு வர வேண்டிய பாடங்கள்.

அதற்கு என்ன வழி? பிள்ளைகளே பார்த்து, தொட்டு, எண்ணி, பேசிக் கற்பதுதான் வழி. இதைச் "செயல்வழிக் கற்றல்" என்று சொல்கிறார்கள்.

விரல் நுனியில் ஒரு பாடம்

படி ஏறும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்.

இடது கை மணிக்கட்டில், கட்டை விரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்த வேண்டும். அங்கே ஒரு துடிப்பு தெரியும். அதுதான் நாடி.

பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். மற்றவன் 15 வினாடிக்கு நாடியை எண்ணுகிறான். வந்த எண்ணை 4-ஆல் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு. உடல்நலப் பாடத்தில் கணக்குப் பாடமும் சேர்ந்துவிட்டது!

பிறகு 50 படி ஏறி இறங்குகிறார்கள். மலை இல்லாத ஊரில் பள்ளிக்கூட வாசற்படியே போதும். மறுபடியும் நாடியை எண்ணுகிறார்கள். 84 இருந்தவனுக்கு 130 வரலாம். இன்னொருவனுக்கு 120 வரலாம். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுகிறார்கள்.

இப்போது ஆசிரியர் கேட்கிறார்: "ஏன் கூடியது?"

இந்தக் கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது. கால் சதை உழைக்கிறது. அதற்குப் பிராணவாயு அதிகம் வேண்டும். அதைச் சுமந்து போவது ரத்தம். ரத்தத்தைத் தள்ளுவது இதயம். ஆகவே இதயம் வேகமாக இறைக்கிறது. நுரையீரலும் வேகமாக மூச்சு இழுக்கிறது.

"ஓய்வாக இருக்கும்போதே இதயம் நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது" என்று அப்போது சொன்னால், பிள்ளை வாயைப் பிளக்கும். 15 வினாடி எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு அந்த ஒரு லட்சத்தின் பெருமை தெரியும்.

காய்ச்சல், இளைப்பு, இதய நோய் உள்ள பிள்ளைகள் ஓட வேண்டாம். படி ஏற வேண்டாம். அவர்கள் கடிகாரம் பார்க்கலாம், எண்ணலாம், எழுதலாம்.

காகிதக் குழாயின் கதை

டாக்டர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் ஸ்டெதாஸ்கோப் எப்படி வந்தது, தெரியுமா?

1816-ம் ஆண்டு. பிரான்சு நாட்டில் ரெனே லென்னெக் என்ற டாக்டர். அந்தக் காலத்தில் நோயாளியின் மார்பில் காதை வைத்துத்தான் கேட்பார்கள். ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. சில காகிதங்களைக் குழாய்போல் சுருட்டினார். ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். வெறும் காதால் கேட்பதை விட இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது!

பழைய செய்தித்தாளைச் சுருட்டி எந்தப் பள்ளியிலும் இதைச் செய்யலாம். "லப்... டப்..." என்ற சத்தம் கேட்கும். ஒரு காசு செலவில்லை.

எல்லைக்கு அப்பாலிருந்து வந்த முறை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த முறை பெரிய அளவில் பரவிய வரலாறு சுவையானது. அதற்கும் திருத்தணி எல்லைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

திருத்தணி ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் வடக்கு எல்லைப் போராட்டம் நடத்தினார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

அந்தப் பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் மதனப்பள்ளி என்ற ஊர். தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் அது. அவர் தொடங்கிய ரிஷிவேலி பள்ளி அதன் அருகில்தான் இருக்கிறது.

ரிஷிவேலியைச் சுற்றிச் சின்னஞ்சிறு கிராமங்கள். அங்கே ஓராசிரியர் பள்ளிகள். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். ஒருவருக்குப் பாடம் சொன்னால் மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். என்ன செய்வது?

பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வேலை. பிள்ளை தானே அட்டையை எடுக்கும்; வேலையைச் செய்யும்; முடிந்ததும் அடுத்த அட்டைக்குப் போகும். ஏணியில் ஏறுவதுபோல் தன் வேகத்தில் ஏறும். வேகமாகப் படிப்பவன் மெதுவாகப் படிப்பவனுக்காகக் காத்திருக்க வேண்டாம். மெதுவாகப் படிப்பவன் பயப்பட வேண்டாம்.

2003-ம் ஆண்டு சென்னை மாநகராட்சிக் கமிஷனராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ரிஷிவேலி முறையைப் பின்பற்றி, மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பிறகு மாநகராட்சியின் மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. 2007-2008-ல் தமிழ்நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வகுப்பு வரை வந்தது. எல்லைக்கு அப்பால் பிறந்த முறை இப்படித் திருத்தணி வட்டாரத்துக்கும் வந்து சேர்ந்தது.

வகுப்பறையின் தோற்றமே மாறியது. பிள்ளைகளும் ஆசிரியரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பக்கத்தில் பிள்ளைகள் எழுதுவதற்கே கரும்பலகை வந்தது. மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டார்கள்.

சுவரில் ஓர் "ஆரோக்கியச் சக்கரம்" இருந்தது. பல் துலக்கினேனா, குளித்தேனா, நகம் வெட்டினேனா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். அதட்டல் இல்லை. தன் உடலுக்குத் தானே காவல்காரன்!

சுரைக்காய்க் குழந்தை

இந்த முறை நம் நாட்டில் மட்டும்தான் உண்டு என்று எண்ண வேண்டாம். கடல் கடந்து, மெக்சிகோ நாட்டில் ஒரு மலைக் கிராமம். அதன் பெயர் அஹோயா. அங்கே உழைத்தவர் டேவிட் வெர்னர் என்ற அமெரிக்கர். உயிரியல் படித்தவர், ஆசிரியராக இருந்தவர்.

அந்தக் கிராமங்களில் வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறந்தன. "உடலில் நீர் வற்றினால் ஆபத்து" என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். தம்பி கண்முன்னே வாடிக் கிடக்கும்போது அடையாளம் தெரியாது.

பிள்ளைகள் ஒரு காய்ந்த சுரைக் குடுக்கையை எடுத்தார்கள். அதில் கண், மூக்கு, வாய் வரைந்தார்கள். உச்சியில் ஓர் ஓட்டை போட்டு, அதன்மேல் மெல்லிய ஈரத் துணியைப் போர்த்தினார்கள். அதுதான் பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி. அடியில் ஓர் ஓட்டை போட்டுத் தக்கையால் அடைத்தார்கள். கண்ணில் ஊசித் துளைகள் போட்டார்கள். உள்ளே தண்ணீர் நிரப்பினார்கள்.

குழந்தை அழுதது. கண்ணில் நீர் வந்தது!

பிறகு அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கினார்கள். இதுதான் வயிற்றுப்போக்கு. தண்ணீர் ஓடியது. சற்று நேரத்தில் கண்ணீர் நின்றது. உச்சியில் இருந்த துணி உள்ளே குழிந்தது.

"அழுதால் கண்ணீர் வரவில்லை. உச்சி குழிந்துவிட்டது. குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும்!" என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆசிரியர் சொல்லவில்லை. குடுக்கை சொன்னது!

இந்தப் பாடத்தை வெர்னரும் பில் பவர் என்பவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1982-ல் வெளிவந்தது. பல நாடுகளில் ஆசிரியர்களும் சுகாதார ஊழியர்களும் அதைப் படித்து அந்தப் பாடத்தை நடத்தினார்கள். நம் ஊரிலும் சுரைக் குடுக்கைக்குப் பஞ்சமில்லை. கிடைக்காவிட்டால் பழைய பிளாஸ்டிக் பாட்டில் போதும்.

பிள்ளைகளே மற்றப் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் நலவழி சொல்லும் இந்த முறைக்கு "குழந்தையிலிருந்து குழந்தைக்கு" என்று பெயர். 1979-ம் ஆண்டை உலகம் சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடியது. அதையொட்டி லண்டனில் இதற்கென ஓர் இயக்கமே தொடங்கியது.

உப்பும் சர்க்கரையும்

குடுக்கை பாடத்தின் அடுத்த பகுதி, கரைசல் தயாரிப்பது.

1971-ல் வங்காள தேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற ஊர் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்தார். அதை உறவினர்களிடம் கொடுத்து, நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு சுமார் 30 ஆக இருந்த சாவு, 4-க்கும் கீழே இறங்கியது!

அவர் 2022-ல் காலமானார். 2023-ல் அவருக்குப் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இதன் ரகசியம் என்ன? குடலில் சர்க்கரை இருந்தால் அது உப்பையும் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு ரத்தத்தில் சேர்க்கிறது. வெறும் தண்ணீரால் இது நடக்காது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் சிறந்தது. அது கையில் இல்லாத அவசரத்தில், காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடிவிடக் கூடாது, கூடினால் ஆபத்து. கண்ணீரை விட உப்புக் கரித்தால் கீழே கொட்டிவிட வேண்டும்.

இந்த அளவைப் பரீட்சையில் எழுதுவது வேறு. வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து அளந்து கலக்கிச் சுவைத்துப் பார்ப்பது வேறு. சுவைத்துப் பார்த்த பிள்ளை அளவை மறக்காது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டு போனாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். இதுவும் பாடத்தில் சேர்ந்ததே.

பாட்டிலுக்குள் பகைவன்

டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. வீட்டில் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில் பிறக்கிறது. கடிப்பதும் பெரும்பாலும் பகலில்தான். தண்ணீர் வராத நாளுக்காகக் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைக்கும் ஊர்களுக்கெல்லாம் இந்தப் பாடம் வேண்டும்.

திறந்து கிடக்கும் தொட்டியிலிருந்து புழு நெளியும் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வாயில் வலைத் துணியை இறுக்கிக் கட்டி வகுப்பில் வைக்கலாம். புழு தலைகீழாகத் தொங்கி, வால் பக்கத்துக் குழாயால் மூச்சு விடுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். பாட்டிலைத் தட்டினால் அது கீழே ஓடும். மறுபடி மூச்சுக்கு மேலே வரும். சில நாளில் காற்புள்ளிபோல் வளைந்த கூட்டுப்புழுவாக மாறும்.

கூட்டுப்புழு தெரிந்ததும் ஆசிரியர் அந்தத் தண்ணீரைச் சுடு மணலில் கொட்டிவிட வேண்டும். கொசுவாகப் பறக்க விடக் கூடாது.

முட்டை கொசுவாவதற்கு வெப்பமான காலத்தில் சுமார் 8 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து விட்டால் கொசுவே பிறக்காது. "ஏன் வாரம் ஒரு நாள்?" என்ற கேள்விக்கு விடை பாட்டிலில் இருக்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதைப் பார்த்த பிள்ளை அன்று சாயங்காலமே வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கும். "அம்மா, இங்கேயும் இருக்கிறது!" என்று கூவும். அந்தக் கூவல்தான் பாடத்தின் வெற்றி.

கோலமாவும் தேநீரும்

கிருமி கண்ணுக்குத் தெரியாது. பிறகு எப்படிக் காட்டுவது? கோலமாவு இருக்கிறதே!

ஒரு பிள்ளையின் கையில் சிவப்புக் கோலமாவைப் பூச வேண்டும். அவன் வழக்கம்போல் கதவைத் திறக்கட்டும், நண்பனோடு கை குலுக்கட்டும், புத்தகத்தைப் புரட்டட்டும். 10 நிமிடம் கழித்துப் பார்த்தால், சிவப்பு எங்கெல்லாம் போயிருக்கிறது! கதவில், பலகையில், நண்பனின் மூக்கில்! கிருமி ஊர்வலம் போகும் பாதையைக் கோலமாவு காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுப்புக்கரித் தூளையும் எண்ணெயையும் குழைத்துக் கையில் தடவி, வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. சோப்புப் போட்டு 20 வினாடி தேய்த்தால் போகும். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் கறுப்பு மிஞ்சும். எங்கே சரியாகத் தேய்க்கவில்லை என்பது தெரிந்துபோகும். திருவிழாக் கூட்டத்தில் பிரசாதம் வாங்கிச் சாப்பிடும் கைக்கு இந்தப் பாடம் அவசியம்.

அடுத்தது ரத்த சோகை. 2019-2021-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை! அதற்குக் காரணங்கள் பல. முக்கியமானது இரும்புச்சத்துக் குறைவு.

பால் சேர்க்காத தேநீரில் இரும்பாணி ஒன்றை ஒரு நாள் போட்டு வைத்தால் தேநீர் கறுத்துவிடும். தேநீரில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. அந்தத் தேநீரைக் குடிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால், உணவில் உள்ள இரும்பையும் இப்படியே பிடித்துக்கொள்ளும். உடலில் சேர விடாது. மாறாக, கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் விழுங்காமல் எறிந்துவிடுவது உண்டு. ஆணியும் தேநீரும் பார்த்த பிள்ளைக்கு அந்த மாத்திரையின் அருமை தெரியும்.

கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்

வளரும் வயதில் உடல் மாறுகிறது. பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரும். எழுந்து நின்று கேட்க வெட்கம். பல வகுப்புகளில் ஆசிரியரும் அந்தப் பக்கங்களை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுவார்.

இதற்கு ஒரு கேள்விப் பெட்டி போதும். பேர் எழுதாமல் சீட்டில் கேள்வியை எழுதிப் பெட்டியில் போடலாம். ஆசிரியர் அதைப் படித்துத் தயார் செய்துகொண்டு வந்து நிதானமாகப் பதில் சொல்லலாம். தெரியாததைக் கிராமச் செவிலியரையோ டாக்டரையோ அழைத்துக் கேட்கலாம்.

மாதவிலக்கு நோய் அல்ல, உடலின் இயல்பு என்று ஒரு பெண் குழந்தைக்கு முன்கூட்டியே தெரிந்தால், அது அந்த நாளில் பயந்து அழாது. பள்ளியை விட்டு நிற்காது. ஆண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். தெரிந்தவன் கேலி செய்ய மாட்டான்.

வெறும் விளையாட்டா?

"பிள்ளைகள் விளையாடுகிறார்கள், படிப்பு எங்கே?" என்று கேட்ட பெற்றோர்கள் உண்டு. செயல்வழிக் கற்றல் வந்த புதிதில் இந்தக் கேள்வி பல ஊர்களில் எழுந்தது. அட்டைகள் கிழிந்தால் புது அட்டை வேண்டும். பல வகுப்புகள் ஒன்றாக இருந்தால் கவனிப்பது கஷ்டம் என்று ஆசிரியர்களும் சொன்னார்கள்.

அந்தக் குறைகளில் நியாயம் உண்டு. செய்து பார்ப்பது மட்டும் பாடம் ஆகாது. செய்த பிறகு, "என்ன பார்த்தாய்? ஏன் அப்படி ஆனது?" என்று கேட்க வேண்டும். பிள்ளை சொல்ல வேண்டும். எழுத வேண்டும். முடிவில் ஆசிரியர் சரியான விளக்கத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது இல்லாவிட்டால் வெறும் வேடிக்கைதான்.

இந்த முறையால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2014-ல் அமெரிக்காவில், கல்லூரி அறிவியல், கணக்கு வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆசிரியர் பேசக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த மாணவர்கள், தாங்களும் பங்கெடுத்துப் படித்தவர்களை விட ஒன்றரை மடங்கு அதிகமாகத் தோற்றார்கள். அது கல்லூரிக் கணக்கு. ஆனாலும் பள்ளிக்கூடங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு.

நம் நாட்டிலும் பழைய முன்மாதிரி உண்டு. 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து பார்த்துக் கற்கும் திட்டம் தொடங்கியது. அது 30 ஆண்டுகள் நடந்தது. அங்கே பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்தே பரீட்சை எழுதலாம்! மனப்பாடத்தை அல்ல, யோசனையைத்தான் சோதித்தார்கள்.

தமிழ்நாட்டில் 2022 ஜூன் 13-ந் தேதி "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியது. தொடங்கிய இடம் திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம். ஆடல், பாடல், பொம்மை மூலம் சிறுவர்களுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் திட்டம் இது. அதே ஆண்டு நவம்பர் 28-ந் தேதி திருச்சியில் "வானவில் மன்றம்" தொடங்கியது. 6 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளிடம் அறிவியல் சோதனைப் பொருள்களைக் கொண்டுபோய், அவர்கள் கையாலேயே செய்ய வைப்பது அதன் வேலை.

சில எச்சரிக்கைகள்

உடலைப் பற்றிய பாடத்தில் கவனம் அதிகம் வேண்டும்.

ஒரே ஊசியால் பல பிள்ளைகளின் விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பது கூடவே கூடாது. மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் போன்றவை பரவ அது வழி.

"உன் நகம் அழுக்கு", "உனக்கு ரத்தம் இல்லை" என்று நாலு பேர் முன்னால் ஒரு பிள்ளையை நிறுத்திக் காட்டக் கூடாது. பாடம் புரியாது, அவமானம்தான் மிஞ்சும். வீட்டில் தண்ணீர் வசதி இல்லாதது பிள்ளையின் குற்றம் அல்ல.

இன்னொன்று. திருத்தணி போன்ற எல்லைப்புற ஊர்களில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் உண்டு. புத்தக வார்த்தை புரியாமல் அவர்கள் பின்தங்கக் கூடாது. குடுக்கையில் ஓடும் தண்ணீருக்கு எந்த மொழியும் தடை இல்லை. முதலில் கண் பார்க்கட்டும். பிறகு வார்த்தை வரட்டும்.

ஆசிரியர் ஊர்

ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ந் தேதி பிறந்த ஊர் திருத்தணி. அவர் முதலில் ஆசிரியர், பிறகுதான் ஜனாதிபதி. 1962 முதல் அவருடைய பிறந்த நாளை நாடு முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அந்த நாளில் ஆசிரியருக்கு மாலை போடுகிறோம். நல்லதுதான். அதோடு ஒரு வகுப்புக்கு ஒரு கடிகாரம், ஒரு பாட்டில், ஒரு சுரைக் குடுக்கை, கொஞ்சம் நேரம் கொடுத்தால் இன்னும் நல்லது. பாடத்தை முடித்தாரா என்று மட்டும் கேட்டு ஆசிரியரை விரட்டினால், அவர் வேகமாகப் படித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் எண்ணிப் பார்க்கக் காத்திருக்க அவருக்கு நேரம் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை

படிக்காத தாய்மார்களும் இதில் பங்கு பெறலாம். பிள்ளை பள்ளி விட்டு வந்ததும், "இன்றைக்கு எத்தனை மார்க்?" என்று கேட்பது வழக்கம். ஒரு நாள் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "இன்றைக்கு என்ன செய்து பார்த்தாய்? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள்.

பிள்ளை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணும். தொட்டியைத் தேய்க்கச் சொல்லும். சாப்பிட்ட உடனே தேநீர் வேண்டாம் என்று அதட்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம். சொல்லிக் கொடுப்பவன் இரண்டு முறை கற்கிறான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நாட்டுச் சுரைக்காய் கறிக்கும் உதவும். காய்ந்த பிறகு ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் பாடத்துக்கும் உதவும்!